பள்ளி வாசலில் பை சோதனை, வகுப்பில் கேமரா: உங்கள் ஊரில் எப்படி நடக்கிறது?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். மகன் ஒன்பதாவது, மகள் ஏழாவது, இரண்டு பேரும் ஒரே பள்ளி. 2025 ஏப்ரலில் எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பையில் அரிவாளை மறைத்துக் கொண்டுவந்து கூடப் படிக்கிறவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியருக்கும் வெட்டு விழுந்தது. பென்சிலில் தொடங்கிய சண்டை என்றார்கள். அது நடந்த ஊரில் இருந்துகொண்டு சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் படிப்பது வேறு பள்ளி. அங்கே இப்போது நடப்பது: காலையில் கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். டிபன் பாக்ஸ் உட்பட. ஸ்டீல் ஸ்கேல் கூடாது. காம்பஸை க்ளாஸ் டீச்சரிடம் கொடுத்துவிட்டு, கணக்கு பீரியடில் வாங்கிக்கொள்ள வேண்டும். வகுப்பறைக்கு ஒரு கேமரா, மைக்கோடு. கையில் கயிறு இருந்தால், சாதி அடையாளம் என்று வாசலிலேயே கத்தரி.

மகன் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. பிரச்சினை மகளுக்கு. பையைப் பார்ப்பது பி.டி. சார். உள் ஜிப்பில் நாப்கின் இருந்தால் அதையும் எடுத்து வெளியே வைத்துத்தான் அடியில் பார்க்கிறாராம். பின்னால் பையன்கள் வரிசை. மாதத்தில் அந்த நாட்களில் "வயிறு வலிக்கிறது, லீவு போடட்டுமா" என்கிறாள். முன்னெல்லாம் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். என்ன கேட்கலாம்? மற்ற ஊர்களில் எப்படி?

கறார்_அப்பா

கோவை. பி.டி. சார் பார்ப்பது தப்பு. ஆசிரியையைப் போடச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலை. அதற்காகச் சோதனையையே குறை சொல்லத் தொடங்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். கத்தி பள்ளிக்குள் தானாக நடந்து வரவில்லை. யாராவது ஒருத்தர் அன்று அந்தப் பையைத் திறந்திருந்தால் அந்த அம்மா இன்று உயிரோடு இருந்திருப்பார். ஏர்போர்ட்டில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறோம், சினிமா தியேட்டரில் தண்ணீர் பாட்டிலைக் கூடப் பிடுங்குகிறான், வாயைத் திறப்பதில்லை. பள்ளியில் மட்டும் பிள்ளையின் மனசு புண்படும் என்றால் எப்படி?

சாக்பீஸ்

அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், தஞ்சை மாவட்டம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2024 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளிக்குள் ஒருவன் புகுந்து ஆசிரியையைக் குத்திக் கொன்றான். திருமணத்துக்கு மறுத்ததுதான் காரணம். அவன் மாணவன் கிடையாது, வெளியாள். பள்ளி நேரத்தில் நேராக உள்ளே வந்தான். அதற்கு அடுத்த வாரமெல்லாம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் யார் கதவைத் தட்டினாலும் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்போம். அதனால் பாதுகாப்பு வேண்டாம் என்கிற கட்சியில் என்னைச் சேர்க்காதீர்கள்.

ஆனால் எங்களைப் போன்ற பள்ளிகளில் வாட்ச்மேன் என்று ஒரு ஆளே கிடையாது. சில இடங்களில் சுற்றுச்சுவர் மூன்று பக்கம்தான் இருக்கும். பி.டி.ஏ. காசில் ஒரு பெரியவரைப் போட்டிருப்போம், அவர் காலையில் கேட்டைத் திறப்பார், மாலையில் பூட்டுவார், நடுவில் டீ வாங்கப் போவார். இதைச் சரி செய்யப் பணம் வேண்டும். பிள்ளைகளின் பையைப் பார்க்கப் பணம் வேண்டாம், இரண்டு ஆசிரியர்களை நிறுத்தினால் போதும். எது முதலில் நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கறார் சார், கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 600 பிள்ளைகள், ஒரு பைக்கு 20 விநாடி என்றால் 200 நிமிடம். நாலு பேர் நின்றாலும் 50 நிமிடம், அதாவது முதல் பீரியடு முழுசாகக் காலி. அதனால் நடைமுறையில் என்ன ஆகும்? முதல் வாரம் எல்லாப் பையும். அப்புறம் "சந்தேகப்படும்" பை மட்டும்.

அந்தச் சந்தேகம் யார் மேல் விழும் என்பதைத்தான் பேச வேண்டும்.

பின்பெஞ்ச்

மேலே அண்ணன் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். இப்போது காலேஜ் முதல் வருடம். பிளஸ் டூ படித்தது தெக்கே ஒரு ஊரில், பள்ளிப் பெயர் வேண்டாம்.

எங்கள் தெருவில் இருந்து வருகிற பஸ் ஒன்றுதான். அந்த பஸ்ஸில் இறங்குகிறவர்கள் பை மட்டும் தினமும் பார்ப்பார்கள். டவுன் பஸ், வேன், சைக்கிள் எல்லாம் அப்படியே உள்ளே போகும். யாரும் சாதி பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, பஸ் நம்பர் போதும்.

இத்தனைக்கும் எங்கள் பையன்களை அடித்தவர்கள் சைக்கிளில் வருகிறவர்கள். சைக்கிள் மட்கார்டில் என்ன கலர் அடித்திருக்கிறது என்று பார்த்தாலே எங்களுக்குத் தெரியும். சார்களுக்கும் தெரியும். ஒரு தடவை பரீட்சைக்கு முன்னால் எங்கள் க்ளாஸ் பையன் ஒருத்தனை மிரட்டினார்கள். சாரிடம் சொல்லலாமா என்று அவன் கேட்டான். "உன் பையையே நம்பாதவர், உன் பேச்சையா நம்பப் போறார்" என்று இன்னொருத்தன் சொன்னான். அதோடு சரி.

கறார்_அப்பா

பின்பெஞ்ச் தம்பி, நீ சொல்வது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வழி எல்லார் பையையும் பார்ப்பது. உன் பையை விட்டுவிடுவது வழியில்லை. நேரம் இல்லை என்றால் குலுக்கல் போடட்டும், இன்றைக்கு 8 பி, நாளைக்கு 10 ஏ. அப்போது எந்த பஸ் என்ற பேச்சே வராது.

அப்புறம் கேமரா. வகுப்பில் அடிதடியோ, வாத்தியார் கை வைத்தாலோ, பதிவு இருந்தால் யாரும் மறுக்க முடியாது. கேமரா பிள்ளைக்கும் பாதுகாப்புத்தானே?

ஒயர்மேன்

கேமரா என்றதால் வருகிறேன், அதுதான் என் பிழைப்பு. மதுரை, விருதுநகர் பக்கம் பள்ளிகளுக்கு நிறைய போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

டில்லியில் 2019இலேயே அரசுப் பள்ளி வகுப்பறைகளில் கேமரா வைத்து, பெற்றோர் போனில் நேரடியாகப் பார்க்கலாம் என்று தொடங்கினார்கள். சி.பி.எஸ்.இ. 2025 ஜூலையில் தன் பள்ளிகளுக்கு விதியாகவே போட்டுவிட்டது: வாசல், வராண்டா, மாடிப்படி, வகுப்பறை, லேப், லைப்ரரி, கேன்டீன், மைதானம் எல்லா இடத்திலும் ஒலியோடு பதிவாகும் கேமரா, கழிப்பறை மட்டும் விலக்கு, 15 நாள் பதிவு கையில் இருக்க வேண்டும். ஸ்டேட் போர்டு பள்ளிக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் பல கரஸ்பாண்டன்ட்கள் அதைக் காட்டித்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள்.

இப்போது உள்ளே நடப்பது. 16 கேமரா, 2 மெகாபிக்சல், 4 டிபி டிஸ்க் போட்டால் 12 நாள் கூட முழுசாக வராது, பழையது அழிந்து புதியது ஏறும். 15 நாள் வேண்டும் என்றால் பெரிய டிஸ்க் போட வேண்டும், சொன்னால் "பார்த்துக்கலாம்" என்பார்கள். பெட்டி ஹெச்.எம். ரூமில் இருக்கும். மானிட்டரை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஏதாவது நடந்த பிறகு என்னைக் கூப்பிட்டு "அன்றைக்கு உள்ளதை எடுத்துக் கொடு" என்பார்கள். அதற்குள் பாதி நேரம் அழிந்திருக்கும். பாஸ்வேர்டு? நான் மாட்டும்போது வைத்ததே வருடக்கணக்கில் இருக்கும். நான் நல்லவன், எல்லாரும் அப்படியா?

கேமராவால் பிடிபட்டது எது என்று கேட்டால், என் அனுபவத்தில் சைக்கிள் திருட்டு, ராத்திரி சுவர் ஏறிக் குதித்தவன், ஓடு உடைத்தவன். அதற்கெல்லாம் நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். வகுப்புக்குள் வைத்ததில் அதிகம் பிடிபடுவது தூங்கும் பிள்ளையும் கடைசி பெஞ்சில் பேசும் பிள்ளையும்தான். மைக் போட்ட ஒரு பள்ளியில் கரஸ்பாண்டன்ட் ஆசிரியர்கள் தம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இது எதற்கென்று வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை, பில் பாக்கி இருந்தது.

லோன்ஸ்டார்_அம்மா

டாலஸ் பக்கம் இருக்கிறோம். இங்கே துப்பாக்கி என்பதால் கதையே வேறு, அதை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த வேண்டாம். இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்லத் தோன்றுகிறது, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம்.

ஒன்று, கறார் அப்பாவுக்குச் சாதகமானது. 2021 நவம்பர் 30, மிச்சிகனில் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளி. ஒரு பையன் தாளில் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்திருந்ததைப் பார்த்து அன்று காலையிலேயே அவனையும் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். பை அவனிடமே இருந்தது, யாரும் திறக்கவில்லை. பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிப் போக மறுத்தார்கள், அவன் வகுப்புக்குத் திரும்பினான். துப்பாக்கி அந்தப் பையில்தான் இருந்தது. நாலு மாணவர்கள் செத்துப்போனார்கள். 2024இல் அந்தத் தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் சிறைத் தண்டனை.

இன்னொன்று உவால்டே பள்ளித் துப்பாக்கிச் சூடு, எங்கள் டெக்சஸ், 2022 மே. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் செத்துப்போனார்கள். அங்கே வந்து சேர்ந்த போலீஸ் மட்டும் 376 பேர். உள்ளே போய்க் கொலைகாரனைச் சுட 77 நிமிடம் ஆனது. அதன் பிறகு டாலஸ் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் எல்லாரும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். 2023இல் ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் ஏந்திய காவலர் வேண்டும் என்று மாநிலச் சட்டம் வந்தது.

என் பெண் ஆறு வயதிலேயே லாக்டவுன் பயிற்சி செய்தாள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்து "தும்மல் வந்தா என்னம்மா பண்றது" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பொருநைக்கரை, உங்கள் பெண் லீவு கேட்பதைச் சின்ன விஷயமாக யாரும் சொன்னால் விடாதீர்கள். பிளாஸ்டிக் பை வந்ததும் இங்கே பெண் பிள்ளைகளுக்கு அதே சங்கடம்தான். நல்லவேளையாக, உள்ளே ஒரு சின்னத் துணிப் பை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

மட்டுநகர்_வாத்தி

மட்டக்களப்பில் இருந்து. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கட சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள்தான் நிறையச் செத்துப்போனார்கள். சிலர் எங்கட மாணவர்கள்.

இரண்டாம் தவணை தள்ளிப்போய், மே 6ஆம் திகதி தரம் 6 முதல் மேலே உள்ள பிள்ளைகளுக்குத் தொடங்கினது. முதல் நாட்களில் வகுப்பில் விரல் விட்டு எண்ணலாம். வாசலில் ஆமியும் பொலிசும். எங்கட தலைமுறைக்கு அது புதுசில்லை, யுத்த காலத்தில் பையைக் கொட்டிக் காட்டித்தான் படித்தோம். ஆனால் யுத்த ஞாபகமே இல்லாத பிள்ளை, துவக்கோடு நிற்கிற ஆளிடம் கொம்பாஸ் பெட்டியைத் திறந்து காட்டும்போது கை நடுங்கினதைப் பார்த்தேன்.

அப்புறம் பெற்றார் முறை வைத்து வாசலில் நின்றார்கள். தாய்மார் நின்று பை பார்த்த நாட்களில் பிள்ளைகள் கதைத்துக்கொண்டே உள்ளே போனார்கள், "அன்ரி, சாப்பாட்டுப் பெட்டிய மெதுவா மூடுங்கோ" என்று. அதே சோதனைதான், பார்க்கிற ஆள் வேறு. இதை உங்கட கூட்டத்தில் சொல்லலாம்.

சொல்லாமல் விடக்கூடாத மற்றப் பக்கமும் உண்டு. அந்த நாட்களில் நாட்டின் சில இடங்களில் அபாயா போட்ட ஆசிரியைகளைப் பாடசாலை வாசலில் நிறுத்தினார்கள். முஸ்லிம் பிள்ளையின் பை மட்டும் கூடுதல் நேரம் எடுத்தது. குண்டு வைத்தவர்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? தம்பி பின்பெஞ்ச் எழுதின பஸ் கதையை வாசிக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கறார்_அப்பா

மட்டுநகர் சார், தாய்மார் முறை வைத்து நிற்பது நல்ல யோசனை. எங்கள் பள்ளியிலும் கேட்டுப் பார்க்கிறேன்.

ஆனால் சாக்பீஸ் சாரிடம் ஒரு கேள்வி. எல்லாரும் சோதனையில் என்ன கெடுதல் என்று சொல்கிறீர்கள். சோதனை இல்லாமல் அரிவாளை எப்படிப் பிடிப்பீர்கள்? மிச்சிகனைப் பாருங்கள், பேசினார்கள், பேசிவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

சாக்பீஸ்

நியாயமான கேள்வி. மிச்சிகனில் அந்தப் பையைத் திறந்திருக்கத்தான் வேண்டும், நானாக இருந்தாலும் திறந்திருப்பேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவன் மேல் கண் விழுந்தது வாசல் சோதனையால் இல்லை, ஒரு ஆசிரியை தாளைப் பார்த்ததால். காரணம் கையில் இருக்கும்போது ஒரு பையைத் திறப்பது வேறு, காரணமே இல்லாமல் தினமும் 600 பையைத் திறப்பது வேறு.

பிள்ளைகள் கொண்டுவரும் ஆயுதம் பெரும்பாலும் இன்னொரு பிள்ளைக்கு முன்பே தெரியும். "நாளைக்குப் பாரு" என்று யாரிடமாவது சொல்லியிருப்பான். பென்சில் சண்டையானாலும் பெஞ்சில் இருக்கிற மூன்று பேருக்குத் தெரிந்திருக்கும். அந்த மூன்று பேரில் ஒருத்தன் என்னிடம் வந்து சொல்வானா என்பதுதான் என் பாதுகாப்பு. இருபது வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், வாசலில் பை பார்த்துப் பிடித்ததை விட, யாராவது காதில் போட்டுப் பிடித்ததே அதிகம். பிளேடு, கத்தி, ஒரு தடவை சைக்கிள் செயின். வாசலில் என்னைப் போலீஸ்காரனாக நிறுத்திவிட்டு, மத்தியானம் அதே பிள்ளை என்னிடம் வந்து ரகசியம் சொல்ல வேண்டும் என்றால் எப்படிச் சொல்வான்?

சொன்ன பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பது இன்னும் பெரிய கேள்வி. நாங்குநேரி, 2023 ஆகஸ்ட். பள்ளிக்கு வராமல் இருந்த பிளஸ் டூ மாணவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, கூடப் படிக்கிற ஆதிக்க சாதிப் பையன்கள் செய்யும் கொடுமையைச் சொன்னான். சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரவில் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளி வாசலில் எந்தச் சோதனை இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்காது, அரிவாள் பள்ளிக்கே வரவில்லை. தவறியது வேறு இடத்தில்: புகார் சொன்னவன் யார் என்று வெளியே தெரிந்த பிறகு அவனை யாரும் காப்பாற்றவில்லை. (அந்தப் பையன் மறு வருடம் பிளஸ் டூவில் 600க்கு 469 வாங்கினான். ஆஸ்பத்திரியில் இருந்து எழுந்து வந்து.)

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, சைக்கிளில் சாதி வண்ணம் கூடாது என்பது மட்டும் பேப்பரில் பெரிதாக வந்தது, பள்ளிகளும் அதைத்தான் பிடித்துக்கொண்டன, கத்தரி வாங்குவது சுலபம் அல்லவா. அதே அறிக்கையில் 500 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிக்கு ஒரு நல அலுவலர் வேண்டும் என்றும் இருக்கிறது. ராகிங்கும் சாதிப் பாகுபாடும் நடக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு ஆள். எத்தனை கரஸ்பாண்டன்ட் அதைப் படித்தார்கள்?

டில்லி பக்கத்து குருகிராமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் அங்கே ஒரு பள்ளிக்குள் ஏழு வயதுக் குழந்தை கொலை. பஸ் கண்டக்டரைப் பிடித்தார்கள். சி.பி.எஸ்.இ. உடனே எல்லாப் பள்ளியிலும் கேமரா, ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு என்று சுற்றறிக்கை விட்டது. இரண்டு மாதம் கழித்து சி.பி.ஐ. பிடித்தது அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனை. பரீட்சை தள்ளிப்போக வேண்டும் என்பதற்காகச் செய்தான் என்றார்கள்.

பின்பெஞ்ச்

எங்கள் பள்ளியில் "மாணவர் மனசு" என்று புகார்ப் பெட்டி இருந்தது. ஹெச்.எம். ரூம் வாசலில், கேமராவுக்கு நேர் கீழே. யாராவது போடுவார்களா? நான் படித்தவரை அதில் விழுந்தது சாக்லேட் பேப்பர்.

ஒயர்மேன்

ஹா ஹா, அதை மாட்டியது நானாகக் கூட இருக்கலாம் தம்பி. பெட்டியை லைப்ரரிக்கோ தண்ணீர் டேங்க் பக்கமோ மாற்றச் சொல்லுங்கள். கேமராவைத் திருப்பவும் பத்து நிமிடம்தான்.

பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. இன்று கூட்டம் முடிந்தது, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி மேசை, ஆசிரியை மட்டும், உள்ளே உள்ள சின்னத் துணிப் பையைத் திறப்பதில்லை: உடனே ஒத்துக்கொண்டார்கள். ஹெச்.எம். முகத்தில் உண்மையிலேயே வருத்தம் தெரிந்தது, இது அவர் காதுக்கே வரவில்லையாம். தினமும் எல்லாப் பையும் என்பதற்குப் பதில் வகுப்பு வாரியாகக் குலுக்கல்: யோசிக்கிறோம் என்றார்கள். வகுப்பு கேமராவில் மைக்கை எடுங்கள் என்றேன், கரஸ்பாண்டன்ட் "பார்க்கலாம்" என்றார், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தாய்மார் வாசலில் நிற்பதற்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஸ்டீல் ஸ்கேல் தடை அப்படியே இருக்கும், அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பற்றி வந்து சொன்னால் அதை யாரிடம் சொல்லலாம், பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். ஹெச்.எம்., க்ளாஸ் டீச்சர், ஸ்டாஃப் மீட்டிங் என்றார்கள். ஸ்டாஃப் மீட்டிங் என்றால் நாற்பது பேர். அதற்கு மட்டும் யாரிடமும் சரியான பதில் இல்லை.

கறார்_அப்பா

கவுன்சிலர் ஒருத்தர் வாரம் இரண்டு நாள் வரட்டும், பெயர் அவரோடு நிற்கட்டும். கட்டணத்தில் பிடித்தாலும் நான் கொடுப்பேன். ஆனால் கேட்டில் சோதனை நிற்கக்கூடாது, அதில் நான் மாற மாட்டேன்.

சாக்பீஸ்

கவுன்சிலர் வரும்வரை கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் ஹெச்.எம். ரூமில் இல்லாமல் வகுப்பறைச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். பொருநைக்கரை அம்மா, ஒத்துக்கொண்டதை எல்லாம் கூட்டத் தீர்மான நோட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் ஜூனில் வேறு ஹெச்.எம். வந்ததும் மறுபடி பி.டி. சார்தான் மேசையில் நிற்பார்.